அடிப்படை அறிவியல் வினாக்களுக்கு விடை எழுதும் முறை: உயிரியல், வேதியியல், இயற்பியல் மூன்றுக்குமான முழுமையான வழிகாட்டி

நடுநிலைப் பள்ளி மாணவர்களின் விடைத்தாள்களைத் தொடர்ந்து திருத்தி வந்ததில் ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. பாடம் தெரியாமல் தவறு செய்பவர்களைவிட, தெரிந்த பாடத்தைக் கேட்கப்படாத இடத்தில் எழுதித் தவறு செய்பவர்களே அதிகம். வினாவில் ‘இலை’ என்ற சொல்லைக் கண்டதும் ஒளிச்சேர்க்கை முழுவதையும் எழுதிவிடுவார்கள். கேட்கப்பட்டதோ இலைத்துளையின் வேலையாக இருக்கும். இதற்கு மருந்து கூடுதல் மனப்பாடம் அன்று. வினாவைப் படிப்பதிலிருந்து விடையைச் சரிபார்ப்பது வரை ஓர் ஒழுங்கைப் பழகினால் போதும். அந்த ஒழுங்கைக் கீழே படிப்படியாகத் தருகிறேன். மாணவர்கள் தாமாகவும், பெற்றோரும் ஆசிரியரும் உடனிருந்தும் இதைப் பின்பற்றலாம்.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

பென்சில், வரைவதற்கு ஒரு தாள், அலகுகள் எழுதிய ஒரு பக்கம், குழப்பும் சொற்களை இணையிணையாக எழுதிய ஒரு பக்கம் ஆகிய நான்கும் கையில் இருக்கட்டும்.

அலகுப் பக்கத்தில் நீளம் (மீட்டர்), நிறை (கிலோகிராம்), காலம் (வினாடி), விசை (நியூட்டன்), அழுத்தம் (பாஸ்கல்), ஆற்றல் (ஜூல்) ஆகியவை இருந்தால் நடுநிலை வகுப்புகளின் பெரும்பாலான கணக்குகளுக்குப் போதும். இதை அச்சிட்டு ஒட்டுவதைவிடக் கையால் எழுதுவது நல்லது. எழுதும்போதே எந்த அலகு எந்த அளவுக்கு உரியது என்பது மனத்தில் பதியும்.

இணைச்சொற்களின் பக்கம் இன்னும் முக்கியம். நிறையும் எடையும், வெப்பமும் வெப்பநிலையும், உருகுதலும் கரைதலும், ஆவியாதலும் கொதித்தலும், மூச்சு விடுதலும் செல் சுவாசமும் என்று எழுதி, ஒவ்வோர் இணைக்கும் எதிரே வேறுபாட்டை ஒரே வரியில் குறிக்க வேண்டும். பனிக்கட்டி நீராவது உருகுதல். அதற்கு வெப்பம் போதும், வேறு பொருள் தேவையில்லை. சர்க்கரை நீரில் மறைவது கரைதல். அதற்கு இன்னொரு பொருள் தேவை. இந்த ஒரு வரி மனத்தில் இல்லாதவர்கள் ‘சர்க்கரை நீரில் உருகுகிறது’ என்று எழுதுகிறார்கள். அங்கே தொடங்கும் பிழை விடை முழுவதையும் வேறு பாதையில் கொண்டுபோய்விடுகிறது.

2. வினாவின் கடைசிச் சொல்லை முதலில் படியுங்கள்

தமிழில் வினாவின் கட்டளை பெரும்பாலும் இறுதியில்தான் இருக்கும். ‘வரையறு’, ‘காரணம் கூறு’, ‘வேறுபடுத்துக’, ‘கணக்கிடுக’ ஆகியவற்றில் எது இருக்கிறது என்று பார்த்து அடிக்கோடிட்ட பிறகே வினாவைத் தொடக்கத்திலிருந்து படிக்க வேண்டும். என்ன வடிவில் விடை வேண்டும் என்பது முதலிலேயே தெரிந்துவிட்டால், வினாவில் உள்ள தகவல்களில் எவை தேவை, எவை தேவையற்றவை என்பது படிக்கும்போதே பிரிந்துவிடும்.

‘வரையறு’ என்றால் ஒரே வாக்கியம் போதும். ‘காரணம் கூறு’ என்றால் ஒன்றோடொன்று தொடர்புள்ள இரண்டு செய்திகளாவது வேண்டும். ‘கணக்கிடுக’ என்றால் எண்ணும் அலகும் சேர்ந்ததே விடை.

அதிகமாகச் சறுக்குவது ‘வேறுபடுத்துக’ என்னும் வினாவில். தமனியையும் சிரையையும் வேறுபடுத்தச் சொன்னால், ஒரு பக்கம் ‘தமனியின் சுவர் தடித்தது’ என்றும் எதிரே ‘சிரையில் வால்வுகள் உள்ளன’ என்றும் எழுதுவார்கள். இரண்டும் உண்மை, ஆனால் இது வேறுபாடு ஆகாது. சுவருக்கு எதிரே சுவர், வால்வுக்கு எதிரே வால்வு, இரத்தம் செல்லும் திசைக்கு எதிரே திசை என ஒப்பிடும் அடிப்படை ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். முதலில் அடிப்படையை ஓரத்தில் எழுதிக்கொண்டு, பிறகு இருபுறமும் நிரப்பினால் இந்தப் பிழை வராது.

3. எந்தப் பொருள் மாறுகிறது என்பதைக் கண்டுபிடியுங்கள்

‘குளிர்ந்த நீர் உள்ள கண்ணாடிக் குவளையின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் தோன்றுவதற்குக் காரணம் கூறு’ என்பது எளிய வினா. ஆயினும் உள்ளே இருக்கும் நீர் கசிந்து வெளியே வந்ததாக எழுதுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. வினாவில் கண்ணுக்குத் தெரியும் நீர் ஒன்றுதான். ஆகவே துளிகளும் அதிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்று மனம் முடிவு செய்துவிடுகிறது.

விடை எழுதும் முன் மூன்று கேள்விகளைத் தாளின் ஓரத்தில் எழுதிப் பதில் காண வேண்டும்: மாறும் பொருள் எது? அது முன்பு எந்த நிலையில் இருந்தது? இப்போது எந்த நிலையில் இருக்கிறது? இங்கே மாறுவது குவளைக்கு வெளியே காற்றிலுள்ள நீராவி. முன்பு வாயு, இப்போது திரவம். குளிர்ந்த கண்ணாடியைத் தொட்ட நீராவி வெப்பத்தை இழந்து சுருங்கித் துளியாகிறது.

ஐயமிருந்தால் குவளையில் வண்ணம் கலந்த நீரை ஊற்றிப் பாருங்கள். வெளியே தோன்றும் துளிகள் நிறமற்றே இருக்கும். நுட்பமான தராசு இருந்தால், துளிகள் சேரச் சேரக் குவளையின் நிறை சற்றுக் கூடுவதையும் காணலாம், கசிந்திருந்தால் கூடியிருக்காது.

4. காரணத்தைச் சங்கிலியின் கண்ணிகளைப்போல் கோத்து எழுதுங்கள்

‘ஈரக் கையில் காற்றுப் படும்போது குளிர்வது ஏன்?’ என்ற வினாவுக்கு ‘ஏனெனில் நீர் ஆவியாகிறது’ என்று மட்டும் எழுதுவது பாதி விடை. ஆவியானால் ஏன் குளிர வேண்டும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

முழு விடை இவ்வாறு செல்லும்: வீசும் காற்று தோலுக்கு அருகிலுள்ள நீராவியை அகற்றுகிறது, அதனால் நீர் விரைவாக ஆவியாகிறது, ஆவியாவதற்கு வெப்ப ஆற்றல் தேவை, அந்த ஆற்றலை நீர் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது, தோலின் வெப்பநிலை குறைகிறது, அதைக் குளிர்ச்சியாக உணர்கிறோம். எழுதி முடித்ததும் அடுத்தடுத்த இரு கண்ணிகளுக்கு நடுவே விரலை வைத்து ‘அது எப்படி?’ என்று கேட்டுப் பாருங்கள். விடை சொல்ல முடியாத இடம் வந்தால் அங்கே ஒரு கண்ணி விடுபட்டிருக்கிறது.

இன்னொரு பிழை, நோக்கத்தைக் காரணமாக எழுதுவது. ‘நமக்கு ஆக்சிஜன் தருவதற்காகத் தாவரங்கள் ஒளிச்சேர்க்கை செய்கின்றன’ என்பது மிகப் பழகிப்போன தவறு. தாவரம் தன் உணவைத் தானே தயாரிக்கிறது. அவ்வினையில் ஆக்சிஜன் வெளியேறுகிறது. அதை மற்ற உயிர்கள் பயன்படுத்திக்கொள்கின்றன. விடையில் ‘தருவதற்காக’, ‘உதவுவதற்காக’ போன்ற சொற்கள் வந்துவிட்டால், அந்த இடத்தில் உண்மையில் நிகழ்வது என்ன என்று மீண்டும் யோசியுங்கள்.

5. இயற்பியல் கணக்கை வரிசை மாறாமல் செய்யுங்கள்

வரிசை இது: கொடுக்கப்பட்டவை, கண்டுபிடிக்க வேண்டியது, அலகு மாற்றம், தொடர்பு, பிரதியிடல், அலகுடன் விடை. இவற்றில் அலகு மாற்றம் பிரதியிடலுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். கடைசியில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் எதை எதால் பெருக்குவது என்பதில் குழப்பம் வரும். பரப்பு, கனஅளவு ஆகியவற்றில் கட்டாயம் வரும்.

ஒரு பெட்டியின் எடை 200 நியூட்டன். அதன் அடிப்பகுதி 50 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உடையது. தரையில் அது ஏற்படுத்தும் அழுத்தம் எவ்வளவு? முதலில் நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியே மீட்டராக்க வேண்டும்: 0.5 மீட்டர், 0.4 மீட்டர். பரப்பு 0.5 × 0.4 = 0.2 சதுர மீட்டர். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது: 200 ÷ 0.2 = 1000 பாஸ்கல்.

பரப்பை முதலிலேயே 2000 சதுர செ.மீ. என்று கண்டுவிட்டு 100ஆல் வகுப்பவர்களுக்கு 20 சதுர மீட்டர் கிடைக்கிறது. விடை 10 பாஸ்கலாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு சதுர மீட்டரில் 10,000 சதுர செ.மீ. உள்ளன என்பது அவர்களுக்கு நினைவில் இல்லை. நீளத்திலேயே மாற்றிவிட்டால் அதை நினைவில் வைக்கவும் தேவையில்லை.

சராசரி வேகமும் இப்படிச் சறுக்க வைப்பதே. ஒருவர் 60 கி.மீ. தொலைவை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் சென்று, அதே வழியில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் திரும்புகிறார். இரு வேகங்களையும் கூட்டி இரண்டால் வகுத்து 45 என்று எழுதுவது தவறு. போக 2 மணி நேரம், வர 1 மணி நேரம். மொத்தத் தொலைவு 120 கி.மீ.; சராசரி வேகம் 120 ÷ 3 = மணிக்கு 40 கி.மீ. மெதுவாகச் சென்ற நேரம் அதிகம் என்பதால் விடை 30க்குச் சற்று அருகில் நகர்கிறது. சராசரி வேகம் என்றால் மொத்தத் தொலைவை மொத்த நேரத்தால் வகுப்பது என்று பொருளோடு நினைவில் வைத்தவர்கள் இங்கே தடுமாறுவதில்லை.

இதனால்தான் சூத்திரங்களை முக்கோணமாக வரைந்து ஓர் எழுத்தை விரலால் மறைத்து விடை காணும் குறுக்குவழியை நான் பரிந்துரைப்பதில்லை. அது எண்ணைத் தரும், ஆனால் எதை எதால் ஏன் வகுக்கிறோம் என்பதைத் தராது. வினா சற்று வளைந்தால் முக்கோணம் கைவிட்டுவிடும்.

நிறையும் எடையும் வரும் கணக்குகளில் அலகே வழிகாட்டி. எடை என்பது நிறையை ஈர்ப்பு முடுக்கத்தால் (பூமியில் 9.8, நிலவில் சுமார் 1.6) பெருக்குவது. 50 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரின் எடை பூமியில் 50 × 9.8 = 490 நியூட்டன்; நிலவில் ஏறத்தாழ 50 × 1.6 = 80 நியூட்டன். நிறை இரண்டு இடத்திலும் 50 கிலோகிராம்தான். அன்றாடப் பேச்சில் எடையையும் கிலோவில் சொல்கிறோம். விடைத்தாளில் அப்படி எழுதக் கூடாது.

6. வேதியியலில் முதல் கேள்வி: புதிய பொருள் உண்டானதா?

இயற்பியல் மாற்றமா, வேதியியல் மாற்றமா என்று கேட்டால், ‘பழைய நிலைக்குத் திரும்புமா’ என்பதை வைத்து முடிவு செய்யப் பலர் பழகியிருக்கிறார்கள். இந்தச் சோதனை நம்பத் தகுந்ததன்று. கிழித்த தாளைப் பழையபடி ஆக்க முடியாது. ஆனாலும் தாள் தாளாகவே இருக்கிறது, ஆகவே அது இயற்பியல் மாற்றம். புதிய பொருள் உண்டானதா என்று கேட்பதே சரியான சோதனை.

குமிழி, நிற மாற்றம், வெப்பம், வீழ்படிவு (கரைசலில் பிரிந்து படியும் திண்மம்) ஆகியவை வேதி வினை நிகழ்ந்திருக்கலாம் என்பதற்கான அறிகுறிகள் மட்டுமே. நீர் கொதிக்கும்போதும் குமிழிகள் எழுகின்றன. அவற்றுள் இருப்பது நீராவி, அதாவது அதே நீர். அவை காற்றுக் குமிழிகள் என்றும், நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்தது என்றும் எழுதுவது இரண்டுமே பிழை.

எரியும் மெழுகுவத்தியைப் பற்றிக் கேட்டால் இரண்டு மாற்றங்களையும் தனித்தனியே எழுத வேண்டும். மெழுகு உருகி வழிந்து மீண்டும் உறைவது இயற்பியல் மாற்றம். மெழுகின் ஆவி ஆக்சிஜனோடு எரிந்து கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் ஆவது வேதியியல் மாற்றம். ஒன்றை மட்டும் எழுதினால் விடை குறைபட்டதே.

அடுத்தது நிறைக் கணக்கு. எரிந்தால் நிறை குறையும் என்ற எண்ணம் வலுவாக வேரூன்றியிருக்கிறது, ஏனெனில் விறகு எரிந்து சாம்பல் மிஞ்சுவதையே பார்த்திருக்கிறோம். ஆனால் 2.4 கிராம் மக்னீசியம் முழுவதும் எரிந்தால் 4 கிராம் மக்னீசியம் ஆக்சைடு கிடைக்கிறது. கூடுதலான 1.6 கிராம் காற்றிலிருந்து சேர்ந்த ஆக்சிஜன். விறகிலும் நிறை அழியவில்லை. வாயுக்களாக வெளியேறியதை நாம் எடை போடவில்லை, அவ்வளவுதான். நிறை பற்றிய எந்த வினாவிலும் உள்ளே வந்த வாயு எது, வெளியே போன வாயு எது என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

சமன்பாட்டைச் சமன் செய்வதற்கு முன் படம் வரைவது நல்லது. ஹைட்ரஜன் மூலக்கூறில் 2 அணுக்கள், ஆக்சிஜன் மூலக்கூறில் 2 அணுக்கள். நீர் மூலக்கூறிலோ 2 ஹைட்ரஜன் அணுக்களும் 1 ஆக்சிஜன் அணுவும். இடப்பக்கம் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வரைந்தால் 2 ஆக்சிஜன் அணுக்கள் இருக்கின்றன. அவை இரண்டும் போய்ச் சேர 2 நீர் மூலக்கூறுகள் வேண்டும். அவற்றில் 4 ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. ஆகவே இடப்பக்கம் 2 ஹைட்ரஜன் மூலக்கூறுகள் வேண்டும். படத்தில் ஒவ்வோர் அணுவையும் எண்ணிச் சரிபார்க்கலாம்.

இங்கே செய்யக்கூடாதது ஒன்று உண்டு. ஆக்சிஜன் குறைகிறதே என்று நீர் மூலக்கூறுக்குள் இன்னோர் ஆக்சிஜன் அணுவைச் சேர்த்துவிடக் கூடாது. அப்போது அது நீராக இராது, ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிவிடும். மூலக்கூறுகளின் எண்ணிக்கையை மாற்றலாம். மூலக்கூறின் அமைப்பை மாற்றக் கூடாது.

7. உயிரியலில் அமைப்பிலிருந்து செயலுக்குச் செல்லுங்கள்

உயிரியல் மனப்பாடப் பாடம் என்று நினைப்பவர்களே அதில் அதிகம் குழம்புகிறார்கள். ஓர் உறுப்பின் அமைப்பை முதலில் எழுதி, அந்த அமைப்பால் எந்தச் செயல் எளிதாகிறது என்று அடுத்த வாக்கியத்தில் எழுதினால் விடை தானாக ஒழுங்குபெறும். சிறுகுடலின் உட்சுவரில் குடலுறிஞ்சிகள் விரல்போல நீட்டிக்கொண்டிருக்கின்றன. அதனால் உட்பரப்பு பல மடங்கு கூடுகிறது. அதனால் செரித்த உணவு விரைவாக உறிஞ்சப்படுகிறது.

பொதுவிதிகளை விதிவிலக்கோடு சேர்த்துப் படியுங்கள். தமனிகள் ஆக்சிஜன் மிகுந்த இரத்தத்தைக் கொண்டு செல்கின்றன என்று மட்டும் படித்தவர்களுக்கு நுரையீரல் தமனி பிடிபடாது. அதில் செல்வது ஆக்சிஜன் குறைந்த இரத்தம். இதயத்திலிருந்து வெளியே செல்வது தமனி, இதயத்துக்குள் வருவது சிரை என்று திசையால் வரையறுத்தால் நுரையீரல் தமனி விதிவிலக்காகாது. அதுபோல, தாவர செல் என்றாலே பசுங்கணிகத்தை (ஒளிச்சேர்க்கை நிகழும் பச்சை நிறப் பகுதியை) வரையாதீர்கள். வெங்காயத் தோலின் செல்லில் பசுங்கணிகம் இல்லை.

மூச்சு விடுதல் காற்றை உள்ளிழுத்து வெளிவிடுவது. செல் சுவாசம் குளுக்கோஸிலிருந்து ஆற்றலைப் பெறுவது. தாவரங்கள் பகலில் ஒளிச்சேர்க்கையும் இரவில் சுவாசமும் செய்கின்றன என்பது தவறு. சுவாசம் பகலிலும் இரவிலும் நிற்பதில்லை.

இலையில் ஸ்டார்ச் உள்ளதைக் கண்டறியும் சோதனை தேர்வுகளில் திரும்பத் திரும்ப வருவது. படிகளின் காரணம் தெரிந்தால் வரிசை மறக்காது. முதலில் செடியை 24 முதல் 48 மணி நேரம் இருட்டில் வைக்கிறோம். இலையில் ஏற்கெனவே இருக்கும் ஸ்டார்ச் தீர்ந்துபோக வேண்டும், இல்லாவிட்டால் சோதனையில் தெரிவது பழையதா புதியதா என்று சொல்ல முடியாது. பின்பு செடியை வெயிலில் சில மணி நேரம் வைத்து, ஓர் இலையைப் பறித்துக் கொதிநீரில் ஒரு நிமிடம் இடுகிறோம். செல்கள் இறந்து சவ்வுகள் உடைவதால் அயோடின் உள்ளே செல்ல வழி கிடைக்கிறது.

அடுத்து, இலையை ஆல்கஹாலில் இட்டு அந்தக் குழாயைச் சுடுநீரில் நிறுத்துகிறோம். ஆல்கஹால் பச்சையத்தை நீக்குகிறது. பச்சை நிறம் இருந்தால் அயோடின் தரும் நிறம் தெரியாது. எளிதில் தீப்பற்றும் ஆல்கஹாலை நேரடியாகச் சுடரில் சூடாக்கவே கூடாது. எத்தனால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்பதால் சுடுநீரே போதும். அதையும் சுடரை அணைத்துவிட்டு, பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போதுதான் செய்ய வேண்டும். இப்போது இலை வெளிறி மொறுமொறுப்பாகிவிடும்; வெந்நீரில் நனைத்தால் மீண்டும் மென்மையாகி, விரித்து வைக்க முடியும். இறுதியில் அயோடின் கரைசலைச் சொட்டுகிறோம். பழுப்பு நிறம் கருநீலமானால் ஸ்டார்ச் உண்டு.

8. எழுதிய விடையைப் பொருளோடு சரிபாருங்கள்

கணக்கில் கூட்டலை மறுபடி பார்ப்பது மட்டும் சரிபார்த்தல் ஆகாது. விடை நடக்கக்கூடியதா என்றும் பார்க்க வேண்டும். இதற்குச் சில அளவுகள் மனத்தில் இருந்தால் போதும்: நடப்பவரின் வேகம் வினாடிக்கு 1 முதல் 1.5 மீட்டர், காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர், நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1000 கிலோகிராம், மனித உடலின் வெப்பநிலை சுமார் 37 டிகிரி செல்சியஸ். நடந்து சென்ற மாணவரின் வேகம் வினாடிக்கு 50 மீட்டர் என்று விடை வந்தால் அலகு எங்கோ தவறியிருக்கிறது.

9. மூன்று பாடங்களும் சேர்ந்த ஒரு வினாவில் பயிற்சி செய்யுங்கள்

‘வேகமாக ஓடிய பின் மூச்சு வாங்குவதற்கும் வியர்ப்பதற்கும் காரணம் கூறு.’ கடைசிச் சொல் ‘காரணம் கூறு’. ஆகவே கண்ணிகள் வேண்டும். கேட்கப்பட்டவை இரண்டு, ஆகவே சங்கிலிகளும் இரண்டு. இதைக் கவனிக்காமல் மூச்சைப் பற்றி மட்டும் விரிவாக எழுதிவிட்டு வியர்வையை மறந்துவிடுபவர்கள் பலர்.

முதல் சங்கிலி: ஓடும்போது தசைகளுக்கு அதிக ஆற்றல் தேவை, தசைச் செல்களில் குளுக்கோஸும் ஆக்சிஜனும் வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடும் நீரும் ஆற்றலும் தருவது வேகமெடுக்கிறது, இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடுகிறது, அதை உணர்ந்த மூளை, சுவாசத் தசைகளை விரைவாக இயங்கச் செய்கிறது, கூடுதல் ஆக்சிஜன் உள்ளே வந்து, கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. ஓட்டம் நின்றவுடன் மூச்சு அடங்கிவிடுவதில்லை என்பதையும் சேர்த்து எழுதினால் வினாவிலுள்ள ‘ஓடிய பின்’ என்ற சொற்களுக்கும் விடை கிடைக்கிறது.

இரண்டாம் சங்கிலி: தசைகளில் வெளிப்படும் ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாகிறது, உடலின் வெப்பநிலை உயரத் தொடங்குகிறது, வியர்வைச் சுரப்பிகள் வியர்வையைத் தோலின் மேல் கொண்டுவருகின்றன, அது ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கடைசிக் கண்ணி நான்காம் பகுதியில் ஈரக் கைக்கு எழுதியதேதான். வியர்வை குளிர்ந்த நீர் என்பதால் உடலைக் குளிர்விக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். சுரக்கும்போது அது ஏறத்தாழ உடலின் சூட்டில்தான் இருக்கிறது, குளிர்விப்பது ஆவியாதல்.

இதே முறையில் அடுத்து எடுத்துக்கொள்ள ஏற்ற வினாக்கள் இரண்டு: ‘இரும்பு ஆணி துருப்பிடித்தால் அதன் நிறை கூடுமா, குறையுமா? காரணம் கூறு.’ ‘மின்னல் தெரிந்து 5 வினாடிகள் கழித்து இடி கேட்டால், மின்னல் எவ்வளவு தொலைவில் ஏற்பட்டது? கணக்கிடுக.’ முதலாவதற்கு ஆறாம் பகுதியும், இரண்டாவதற்கு ஐந்தாம், எட்டாம் பகுதிகளும் துணை செய்யும். இரண்டாவதன் விடை சுமார் 1700 மீட்டர் என்று வர வேண்டும்; ஒளி வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை என்பதையும் ஒரு வாக்கியத்தில் எழுதியிருந்தால்தான் அது முழு விடை.